வெயிலில் வைத்த படம்

தம்பி, நீ வெளிநாட்டு வேலைக்குப் போய் இன்றைக்குப் பதினோரு நாள். தினமும் போனில் உன் முகத்தைப் பார்க்கிறேன். சாப்பிட்டாயா, குளித்தாயா, அறையில் கூட இருக்கிறவன் நல்லவனா என்று கேட்கிறேன். நீயும் எல்லாவற்றுக்கும் "ஆமாம்மா" போடுகிறாய். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் ஒவ்வொரு நாளும் தொண்டைக்குள் வைத்துக்கொண்டே போனை வைத்துவிடுகிறேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல என்னால் முடியாது என்று தெரிந்த பிறகுதான் உன் பழைய கொப்பி ஒன்றை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை இருக்கும், சிரிக்காதே. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவேன். அதை நீதானே சொல்லிக் கொடுத்தாய்.

வேனில் ஏறுகிற அன்று நீ வீட்டுக்கு வருகிற ஒழுங்கை முனையை மூன்று தரம் திரும்பிப் பார்த்தாய். உன் சித்தி வருவாள் என்று பார்த்தாய். மாத்தளையிலிருந்து நம் பலாபத்வலைக்கு பஸ்ஸில் வர எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? அவள் வரவில்லை. "வேல இருந்திருக்கும்மா, விடுங்க" என்று நீயே எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டு ஏறினாய். அவள் வராததற்குக் காரணம் நான். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது, முந்தாநாள் வரைக்கும்.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அதை என் பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை. அந்த மழை ஓய்ந்து, ஆற்றுத் தண்ணீர் சித்தி வீட்டைவிட்டு இறங்கிய மூன்றாம் நாள் நாம் இரண்டு பேரும் போனோமே, கதவை நீ தோளால் முட்டித் திறந்தாயே, அந்த நிமிஷத்தை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. நான் பயந்தேன் என்று நீ நினைத்திருப்பாய். பயம் இல்லை, மலைத்துப்போய் நின்றேன். நாலு பேர் சேர்ந்து தூக்குகிற பிரிட்ஜ் கட்டில்மேல் மல்லாந்து படுத்திருந்தது. முன்னறையில் நாம் உட்காருகிற வாங்கு குசினிக்குள் போய் அடுப்புக்கு முன்னால் ஒழுங்காக நின்றது. பூட்டியிருந்த அலுமாரியை நீ திறந்தபோது உள்ளே இழுப்பறை நிறையச் சேறு, தொதல் இனிப்பைத் தட்டில் ஊற்றி ஆறவிட்ட மாதிரி மழமழவென்று இருந்தது. பூட்டு அப்படியே இருக்கிறது, சேறு எப்படி உள்ளே போயிற்று? சுவரைச் சுற்றி என் கழுத்து உயரத்துக்கு ஒரு கோடு. மேசன் பாஸ் நூல் பிடித்துப் போட்டாலும் அத்தனை நேராக வராது. அவ்வளவு வெறி பிடித்து ஓடிய தண்ணீர் போகும்போது இப்படி ஒரு கோட்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறதே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு என் வாய் தொடங்கியது. உனக்குத்தான் தெரியுமே, என் வாய் தொடங்கினால் இலேசில் ஓயாது. அதைத் தூக்கு, இதை எறி, அந்த மெத்தையை முதலில் வெளியே இழு என்று குதி குதி என்று குதித்தேன். உதவி செய்யப் போனவள் நான், ஆனால் அந்த வீட்டுக்கே நான்தான் எஜமானி மாதிரி. வெளியே குப்பை மலையாகக் குவிந்தது. அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு உன் சித்தி வேலிக் கட்டையைப் பிடித்தபடி நின்றாள். அவளுடைய உடுப்பு, தைக்க வந்த மற்றவர்களுடைய துணி, தட்டுமுட்டு, எல்லாம் என் கையால் பறந்து போய் விழுகின்றன. ஒன்றையாவது எறியலாமா என்று நான் அவளிடம் கேட்கவில்லை. நீதான் கேட்டாய். மம்பட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளிடம் போய், "எங்கேருந்து ஆரம்பிக்கட்டும் சித்தி?" என்றாய். மூன்று நாளாக வாய் திறக்காதவள், "மெஷின் இருந்த எடத்துலேருந்து தம்பி" என்றாள். எத்தனையோ வீட்டில் எத்தனையோ உதவி செய்திருக்கிறேன், இப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. நீ நாளைக்கு யார் வீட்டுக் கஷ்டத்துக்குப் போனாலும் அதை மறக்காதே. அது என்னிடம் படித்ததாக இருக்க முடியாது.

தையல் மெஷின் இருந்த இடத்தில்தான் அந்தப் படம் இருந்தது. உட்கார்ந்து தைக்கும்போது கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும் என்று தாழ்வாக மாட்டியிருந்தாள். சித்தப்பா கதிரையில் உட்கார்ந்திருக்க, இவள் பக்கத்தில் கதிரை முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கல்யாணப் படம். அவர் செத்துப் பதினாலு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கண்ணாடியைத் துடைத்து அவர் நெற்றிக்கு நேராகச் சந்தனப் பொட்டு வைக்கிறவள். மற்றப் படங்கள் இருந்த அல்பத்தை ஆறு கொண்டுபோய்விட்டது. சுவரில் ஆணி பிடித்துக்கொண்டதால் இது மட்டும் தப்பியது. அவள் அதைக் கழற்றி இரண்டு கையாலும் உன்னிடம் தந்து, "இத மட்டும் பாத்துக்க" என்றாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

நீ என்ன செய்தாய்? பவுசர் லொறியில் வந்த குடிதண்ணீரைப் பேசினில் ஊற்றி, படத்தைச் சட்டத்தோடு அதற்குள் இறக்கி, பலா மரத்து நிழலில் வைத்தாய். "நாளைக்கு மெதுவா பிரிக்கலாம். காயவிட்டா கண்ணாடியோட ஒட்டிக்கும்மா, வெளிய எடுத்துறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் சேறு தள்ளப் போனாய். நீ சொன்னது என் காதில் விழவில்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். விழுந்தது, தம்பி. நன்றாக விழுந்தது.

ஆனால் நான் யார்? முப்பத்தொரு வருஷம் வாசனைச் சரக்கு ஸ்டோர் களத்தில் வெயிலோடு நின்றவள். கராம்பு எப்போது காய்ந்தது என்று ஒடித்துப் பார்க்காமலே சொல்வேன். மிளகைக் காலால் கிளறும்போது வருகிற சத்தத்தை வைத்தே இன்னும் ஒரு வெயில் வேண்டும் என்பேன். நனைந்த சரக்கை நிழலில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், வெயிலில் வைத்தால் பிழைக்கும், இதைத் தவிர எனக்கு வேறு வேதம் தெரியாது. தண்ணியில் கெட்டதை மறுபடியும் தண்ணியிலேயே போட்டு வைத்திருக்கிறானே, போனில் எதையோ பார்த்துவிட்டு அம்மாவுக்குப் படிப்பிக்க வந்துவிட்டான் என்று சிரிப்புக்கூட வந்தது. படத்தை வெளியே எடுத்தேன். படங்குத் துணியை விரித்து உச்சி வெயிலில் வைத்தேன். அரை மணிக்கொரு தரம் திருப்பிவிட்டேன், சாதிக்காய்ப் பத்திரியைத் திருப்புகிற மாதிரி. காய்ந்துவிட்டது என்று தெரிந்ததும் சட்டத்தைக் கழற்றி, பத்திரியைக் கொட்டையிலிருந்து உரிக்கிறபோது நகத்தைக் கொடுப்போமே, அப்படியே மூலையில் நகத்தைக் கொடுத்து இழுத்தேன். உன் சித்தி பக்கம் தானாக வந்தது. சித்தப்பா பக்கம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். தலையிலிருந்து கழுத்து வரைக்கும் வெறும் வெள்ளைக் கடதாசிதான் வந்தது. கண்ணாடியில் என்னவோ திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. பதற்றத்தில் அதை முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். துடைத்த பிறகுதான் தெரிந்தது, நான் துடைத்தது அவருடைய முகத்தை.

அவள் வருகிற சத்தம் கேட்டது. நீ பின்பக்கத்திலிருந்து வந்து என் கையைப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய். அவ்வளவுதான். என் கையிலிருந்து படத்தை வாங்கிக்கொண்டு, "நான்தான் சித்தி வெயில்ல வச்சேன், சீக்கிரம் காயட்டும்னு" என்றாய். ஒரு நொடிகூட யோசிக்காமல் அது உன் வாயிலிருந்து வந்தது. அவள் படத்தைப் பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை. "உன்ன நம்பித்தானே தம்பி குடுத்தேன்" என்றாள். பிறகு போய்ச் சட்டி கழுவத் தொடங்கினாள். நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன்.

பஸ்ஸில் வரும்போது ஏண்டா அப்படிச் சொன்னாய் என்று உன்னைக் கேட்டேன். "நான் செஞ்சேன்னா அது வெறும் கவனமில்லாத்தனம்மா. நீங்க செஞ்சீங்கன்னா சித்தி வேற மாதிரி நெனப்பாங்க" என்றாய். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இருபத்துநாலு வயதில் உனக்கு இது தெரிந்திருக்கிறது. உண்மைதானே? அவர் கடைத்தெருவில் மூட்டை சுமக்கிற நாட்டாமை. என் தங்கச்சிக்கு நான் கிளார்க் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தேன். அவள் இவரைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. போயிருந்தால் என் வீட்டிலும் ஒரு படம் இருந்திருக்கும், இல்லையா? அதற்குப் பிறகும் அவர் எத்தனையோ முறை நம் வீட்டுக்கு வந்தார், பலாக்காய் கொண்டு வந்தார், தேங்காய் கொண்டு வந்தார். ஒருநாளும் உள்ளே வாங்க என்று நான் சொன்னதில்லை. வாசலிலேயே நிற்க வைத்து வாங்கிக்கொண்டு அனுப்பினேன். அப்படிப்பட்ட ஒருத்தி அவர் முகத்தை அழித்தால், தெரியாமல் செய்தாள் என்று யார் நம்புவார்கள்?

அதற்குப் பிறகும் நாலு ஞாயிற்றுக்கிழமை நீ அங்கே போனாய். சுவரைச் சுரண்டினாய், சுண்ணாம்பு அடித்தாய், மெஷினைக் கழற்றி எண்ணெய் போட்டு ஓடவைத்தாய். அவள் தேத்தண்ணியை வாங்கில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போவாளாம். முகம் கொடுத்துப் பேசாத வீட்டுக்கு, செய்யாத குற்றத்துக்கு, நாலு ஞாயிறு. எனக்கு யாராவது ஒருநாள் மூஞ்சைத் தூக்கி வைத்தாலே அந்தத் தெருவால் நடக்க மாட்டேன். நான் பெற்ற பிள்ளைதானா இது என்று உன்னை நீ தூங்கும்போது பார்த்திருக்கிறேன். பெருமைப்பட வேண்டிய இடத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் இருந்தும் வாயைத் திறக்கவில்லை. நீ வேனில் ஏறியபோதுகூடத் திறக்கவில்லை. உங்கப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

முந்தாநாள் போனேன். அவள் மெஷினில் இருந்தாள். எதிரே சுவரைப் பார்த்தேன். அந்தப் படத்தை மறுபடியும் அதே ஆணியில் மாட்டியிருக்கிறாள், தம்பி. கதிரை முதுகைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்கிறாள். கதிரையில் ஒரு சட்டை, ஒரு வேட்டி, இரண்டு கை. மேலே வெறும் வெள்ளை. அந்த வெள்ளையில், நெற்றி இருந்த இடத்துக்குச் சரியாகச் சந்தனப் பொட்டு. கையைக் கூப்பினேன். நான் கோயிலில்கூட அப்படிக் கும்பிட்டு நின்றதில்லை.

"படத்த வெயில்ல வச்சது நான்" என்றேன். அவள் மெஷின் சில்லைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "தம்பி தண்ணியில போட்டு வச்சிருந்தான். எடுக்காதீங்கன்னும் சொன்னான். நான் கேக்கல. எடுத்ததும் நான், பிரிச்சதும் நான், தொடச்சதும் நான்."

அவள் என்னையே பார்த்தாள். நீ எந்தக் கேள்விக்குப் பயந்தாயோ அதையே கேட்டாள். "வேணுமின்னே செஞ்சியா?"

"இல்லடி. ஆனா நீ நம்பலன்னா, அதுக்கும் நான்தான் காரணம்."

அவள் ஊசியிலிருந்து துணியை எடுத்து மடியில் வைத்தாள். பிறகு அழுதாள். வீடு போனபோது அழாதவள், படம் போனபோது அழாதவள். "புள்ள கடல் தாண்டிப் போகயில நான் வாசல்ல வந்து நிக்கலயே அக்கா. தலையில கைய வச்சு போயிட்டு வான்னு சொல்லலயே. நாலு ஞாயிறு வந்தான், ஒரு வாய் சோறு போடல. என்ன இப்படி ஒரு பாவத்தச் செய்ய வச்சிட்டியே" என்றாள். படத்துக்காக என்னை வைவாள் என்று நினைத்துத்தான் போனேன், தம்பி. அவள் உனக்காக அழுதாள். பிறகு என்னைப் பார்த்து, "வெளிய போ" என்றாள். எனக்கு அது சரியென்றே பட்டது. போய் வாசற்படியில் உட்கார்ந்தேன். வெயில் நேராகத் தலையில் அடித்தது. எத்தனை முறை அவரை இப்படி என் வாசலில் நிற்க வைத்தேன் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடியவில்லை. பஸ் ஏறி வந்துவிட மட்டும் மனம் வரவில்லை.

மத்தியானம் சாய்ந்த பிறகு, "உள்ள வா" என்று குரல் வந்தது. போனேன். என்னைக் கட்டிலில் உட்காரச் சொல்லிவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். "பதினாலு வருசமா அந்தப் படத்தையே பாத்துப் பாத்து, எனக்குப் படந்தான் ஞாபகம் இருக்கு அக்கா. ஆளு ஞாபகம் வரல. இப்ப கண்ண மூடினா வெள்ளையாத்தான் வருது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீதான் அவர வாசல்ல நிக்க வச்சு மொறச்சு மொறச்சுப் பாப்ப. நீ சொல்லு. எப்படி இருப்பாரு?"

நான் வாயைத் திறந்தேன். திறந்தது என்னவோ நான்தான், அதற்குப் பிறகு வந்தது என் கையில் இல்லை. இடது புருவத்தில் குறுக்காக ஒரு வெட்டு, அந்த இடத்தில் மயிர் முளைக்காது என்றேன். வலது காதுமடல் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது என்றேன். மூட்டை சுமந்து சுமந்து கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, எதிரில் நிற்கிறவரைச் சாய்வாகத்தான் பார்ப்பார். கீழுதட்டில் ஒரு கறுப்புப் புள்ளி. மூக்கு நுனியில் எப்போதும் வியர்வை, துடைக்க மாட்டார். தாடை மயிர் நரைக்கத் தொடங்கியது வலப்பக்கம்தான். சொல்லிக்கொண்டே போகிறேன், எனக்கே திகைப்பாக இருக்கிறது. பிடிக்காத மனிதர், ஒரு வாய் தண்ணி கொடுக்காத மனிதர், அவருடைய முகத்தை ஒரு மயிர் விடாமல் நான் உள்ளே வைத்திருக்கிறேன். வெறுப்புக்கு இத்தனை கண் இருக்குமென்று எனக்குத் தெரியாது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "ஆமா", "ஆமா அக்கா" என்றாள். ஒவ்வொரு ஆமாவுக்கும் அவள் முகம் இளகிக்கொண்டு வந்தது. அவர் அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.

"சிரிச்சா?" என்றாள், கண்ணைத் திறக்காமல். "சிரிச்சா எப்படி இருப்பாரு? அதச் சொல்லு."

நான் தேடினேன். எங்கேயும் இல்லை. "அது எனக்குத் தெரியாதுடி" என்றேன். "என்னப் பாத்து அவரு ஒருநாளும் சிரிச்சதில்ல. நான் சிரிக்க விடல."

அவள் கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்தாள். "உன் மவனுக்குத் தெரியும்" என்றாள். அப்போதுதான் சொன்னாள், அவர் மாத்தளைக் கடைத்தெருவில் இருந்த காலத்தில் நீ பள்ளிக்கூடம் விட்டு நேராக அவரிடம்தான் போவாயாம். மூட்டைமேல் உன்னை ஏற்றி உட்கார வைத்து, தின்ன ரோல்ஸ் வாங்கித் தருவாராம். நீ சொல்கிற கதைக்கெல்லாம் வண்டிக்காரர் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரிப்பாராம். எனக்குத் தெரிந்தால் உன் முதுகு பிய்ந்துவிடும் என்று நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மறைத்தீர்களாம். பஸ் பிந்திவிட்டது என்று நீ தினமும் சொன்னதை நான் எத்தனை வருஷம் நம்பியிருக்கிறேன் பார்.

தம்பி, இனி எனக்காகப் பொய் சொல்லாதே. சொன்னதற்கு உன்னை வைய எனக்கு வாய் வரவில்லை, ஆனால் இனி வேண்டாம். என் தப்பை நானே தூக்கிக்கொண்டு போகிறேன், அது முதுகு ஒடிகிற பாரம் இல்லை என்று முந்தாநாள் தெரிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை உனக்கு வேலை இல்லைதானே. அன்று சித்தி கூப்பிடுவாள். எடுத்தவுடன் அவள் அழுவாள், மன்னிச்சிரு என்று தொடங்குவாள். தொடங்க விடாதே. அவர் எப்படிச் சிரிப்பார் என்று சொல். எந்தப் பல் தெரியும், எந்தப் பக்கம் தலை சாயும், சத்தம் எப்படி வரும், எல்லாவற்றையும் அவசரப்படாமல் சொல். நானும் அங்கேதான் இருப்பேன், ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருக்கிறேன். எனக்கும் அதைக் கேட்க வேண்டும்.

அம்மா